பூங்கா யாருக்கு? பூவாளி பிடித்தவனைக் கேளுங்கள்!

சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கும் தோழர்களே! மூர் மார்க்கெட் வளாகம் என்று சொல்லப்படும் புறநகர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பக்கத்திலே சிவப்புச் செங்கல்லில் விக்டோரியா மண்டபம். அதற்கடுத்து வெள்ளை வெளேரென்று ரிப்பன் கட்டிடம். பின்புறத்திலே நேரு ஸ்டேடியம். அல்லிக்குளம் என்ற பெயரோடு ஒரு கடை வளாகம் இருக்கிறது. அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை. பூமிக்கு அடியிலே மெட்ரோ ரயில் ஓடுகிறது.

இவ்வளவும் நிற்பது ஒரு தோட்டத்தின் மேல்.

1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இந்த இடத்தில் ஒரு பெரிய தோட்டத்தைப் போட ஏற்பாடு செய்தார். 116 ஏக்கர் நிலம். அதில் 11 குளங்கள். 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது ஜனங்களின் பூங்கா என்று பெயரும் வைத்தார்கள். இந்த டிரெவெலியன் பெரிய தர்மவான் என்று நாம் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தபோது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைப் பிடி பிடியாக அளந்து கொடுத்த அதிகாரி இவரேதான். ஆனாலும் தோட்டம் தோட்டம்தான். 1860களில் எழும்பூர் மியூசியத்திலிருந்த மிருகங்களை இங்கே கொண்டுவந்தார்கள். மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் இதற்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் நம் ஜனங்கள் பெயரிட்டுக் கொண்டார்கள். புளியந்தோப்பிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் ஆலைத் தொழிலாளி பெண்டு பிள்ளைகளோடு நடந்தே வந்து சிங்கத்தைப் பார்த்துவிட்டு மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்த இடம் அது. டிக்கட்டு வாங்கிக் கொட்டகைக்குப் போகக் காசில்லாதவனுக்கு அந்த மர நிழல்தான் கொட்டகை.

அந்த 116 ஏக்கர் எப்படிப் போயிற்று?

விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி ஊர்ப் பிரமுகர்களுக்கு ஒரு மண்டபம் தேவைப்பட்டது. பூங்காவிலிருந்து 57 மனை நிலம் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. மனைக்கு எட்டணா, மொத்தத்துக்கும் வருஷ வாடகை 28 ரூபாய் சொச்சம்! பிறகு மூர் மார்க்கெட். 1898இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். பிறகு கார்ப்பரேஷனுக்கே மாளிகை வேண்டும் என்றார்கள். 1909இல் அஸ்திவாரம், 1913இல் கிரகப்பிரவேசம். பிறகு ஸ்டேடியம். 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடை இழந்தவர்களுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. அல்லிக் குளத்தின் தலையில் கை வைத்தார்கள். எரிந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மிருகங்களுக்கு வண்டலூரில் புதுக் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1993இல் ஸ்டேடியத்தைப் பெரிதாக எழுப்பினார்கள். கடைசியாக மெட்ரோ வந்தது.

ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: கொஞ்சம் இடம்தானே! கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் மலையும் கரையும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? 'மை லேடீஸ் கார்டன்' என்ற ஒரு துண்டு மட்டும் பெரியமேட்டுப் பக்கம் மிஞ்சியது. ஜனங்களின் பூங்காவில் ஜனங்களின் பங்கு போய்விட்டது, சீமாட்டிகளின் பெயர் மட்டும் நின்றது என்றால் சிரிப்பதா, அழுவதா?

பெயரில்லாத தொழிலாளி

விக்டோரியா மண்டபத்துக்குப் படம் போட்டவர் சிஷோம் துரை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். ரிப்பன் கட்டிடத்தைக் கட்டியவர் லோகநாத முதலியார். சரித்திரப் புத்தகங்களில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அந்தப் பூங்காவில் நூறு வருஷத்துக்கு மேல் மண் கொத்தினவன் யார்? குளத்தில் பாசி எடுத்தவள் யார்? ஒரு பெயர் கிடையாது.

இன்றைக்கும் அப்படித்தான். எந்த நகரத்தில் எந்தப் பழைய தோட்டத்தை இடிக்க வந்தாலும், அளவு சங்கிலியோடு சர்வேயர் வந்து கல் நடும்போதுதான் தோட்டக்காரருக்கு விஷயம் தெரிகிறது. அதற்கு முன் ஆலோசகர் வந்திருப்பார். வரைபடம் வந்திருக்கும். டெண்டர் விட்டிருப்பார்கள். பத்திரிகைகளில் வண்ணப் படம் போட்டிருப்பார்கள்; அந்தப் படத்தில் நீரூற்று இருக்கும், கண்ணாடிப் பாலம் இருக்கும், காற்றாட நடக்கும் கனவான்கள் இருப்பார்கள். மண்வெட்டி பிடித்த ஓர் ஆள் இருக்க மாட்டான். இருபது வருஷம் அங்கே வேலை செய்தவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். எந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும், எது கீழே வடியும் என்பது அவருக்குத் தெரியும். எந்த மரத்தின் வேர் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது, எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எந்தப் பாத்தியில் உப்புப் பூக்கும் என்பதெல்லாம் அவருடைய கைக்கணக்கு. இலையை மக்க வைத்து, எருவைக் கலந்து, செத்த மண்ணை உயிர் மண்ணாக்க எத்தனை வருஷம் பிடிக்கும் என்று விவசாயத் தொழிலாளிகளாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேல்மண் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்குள்தான் எல்லாம். புல்டோசர் வந்தால் முதலில் வழித்தெடுப்பது அதைத்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதே, நினைவிருக்கிறதா? தண்ணீர் எங்கே போகும்? 11 குளம் இருந்த இடத்தில் சிமெண்டைக் கொட்டிவிட்டு, மழை அதிகம், மழை அதிகம் என்று மழையின் மேல் பழி போட்டார்கள். குளம் தூர்த்த நாளில் அங்கே வேலை செய்த தோட்டக்காரரைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் ஒரு யோசனை கிடைத்திருக்கும்.

"ரயில் வேண்டாமா?"

இங்கே ஒரு கேள்வி எழும். கேட்பவர் நம் தோழர்களாகவே இருக்கலாம். ரயிலில் போவது தொழிலாளிதானே? மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் மலிவுத் துணியும் வாங்கியது ஏழைதானே? ஸ்டேடியத்தில் நம் பையன்கள் பந்து ஆடக் கூடாதா? மெட்ரோவை எதிர்த்தால் அது பிற்போக்கு அல்லவா?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

நாம் ரயிலுக்கு விரோதிகள் அல்ல. பஸ்ஸும் ரயிலும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வேண்டும், இன்னும் வேண்டும். பூமிக்கடியில் ரயில் ஓட வேண்டுமானால் எங்கேயோ ஓரிடத்தில் குழி தோண்டித்தான் ஆக வேண்டும். நாம் கேட்பது வேறு. குழி தோண்டும்போதெல்லாம் ஏழை உட்காரும் மரத்தடியே ஏன் கண்ணில் படுகிறது? தோண்டி முடிந்த பின் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதியை எழுதிக் கொடுக்க ஏன் கை வரமாட்டேன் என்கிறது? அந்த இடைக்காலத்தில் தோட்டக்காரரின் அடுப்பு எரிவது யார் பொறுப்பு?

ஷெனாய் நகரில் திரு.வி.க. பூங்கா இருக்கிறது. திரு.வி.க. யார் என்று ஆலைத் தொழிலாளிக்கு அறிமுகம் வேண்டாம். 1918 ஏப்ரல் 27இல் பி அண்டு சி ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது வாடியாவோடு நின்றவர். அவர் பெயரைத் தாங்கிய பூங்காவை 2011இல் மெட்ரோ வேலைக்காக அடைத்தார்கள். நிழல் கொடுத்த பெரிய மரங்கள் சாய்ந்தன. 2017 மே மாதம் அங்கே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சரி, வேலை முடிந்தது, பூங்காவைத் திறந்தார்களா? 2023இல்தான் திறந்தார்கள்! ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் ஆறு வருஷம். 2011இல் ஊஞ்சலாடிய குழந்தை பூங்கா திறந்தபோது மீசை முளைத்த வாலிபன். ரயிலுக்காக ஜனங்கள் பொறுத்தார்கள். ரயில் வந்த பிறகும் எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று யார் அவர்களுக்கு விளக்கம் கொடுத்தார்கள்?

மரத்தை வெட்டும்போது இன்னொரு சமாதானம் தயாராக இருக்கிறது: ஒன்றுக்குப் பத்து நடுவோம்! மந்திரியும் மேயரும் கன்றை நட்டுப் பூவாளியால் தண்ணீர் விடும் படம் மறுநாள் வரும். நடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு மாடு கடிக்காமல் காக்க வேண்டும், முட்டுக் கொடுக்க வேண்டும், கவாத்து செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எங்கே? உள்ள ஆட்களைக் குறைத்துவிட்டுப் பத்து மடங்கு கன்று நடுகிறோம் என்பது பசுவை விற்றுவிட்டுப் பால்குடம் வாங்கிய கதை. வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறிடம் நடுவோம் என்கிறார்களே, அதுவும் அப்படித்தான். பல மாதம் முன்பே சுற்றிப் பள்ளம் எடுத்துப் புது வேர் விட வைத்து, வேர்க்கட்டு உடையாமல் தூக்கி, நட்ட பிறகும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் மரங்கள் உண்டு. இரவோடு இரவாக இயந்திரத்தால் பிடுங்கி ஊருக்கு வெளியே நட்டுவிட்டு வந்தால் அது விறகுதான்.

28 ரூபாயும் 614 ரூபாயும்

ஏழையின் பூங்காவில் கை வைத்தவர்கள் சீமான்களின் பூங்காவில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள்.

கிண்டியில் குதிரைப் பந்தய மைதானம். 160 ஏக்கர் சர்க்கார் நிலம். 1945 ஏப்ரல் முதல் 99 வருஷத்துக்குப் பந்தய கிளப்புக்குக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது. கீழத் தஞ்சையில் ஒரு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்த ஏழை, களத்திலேயே நெல்லை அளந்து கொட்டிவிட்டு வெறும் பதரோடு வீட்டுக்குப் போன காலத்தில் போட்ட குத்தகை இது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி குதிரை ஓட்டியவனுக்குப் பொருந்தாது போலும்! 1970 முதல் வாடகையை உயர்த்திக் கேட்டும் கிளப் கொடுக்கவில்லை. 2023இல் ஹைகோர்ட் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில்தான் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து கதவுக்குச் சீல் வைத்தது. பெரும்பகுதியைப் பூங்காவாக்கப் போவதாகவும் அறிவித்தது.

குத்தகையை ரத்து செய்தது சரியான காரியம். தயங்காமல் சொல்கிறோம். ஆனால் 70 வருஷத்துக்கு மேல் அந்த 160 ஏக்கர் ஒரு 'அபிவிருத்தி'க்கும் கண்ணில் படவில்லையே, அது ஏன்? அல்லிக்குளம் கண்ணில் பட்டது, மர நிழல் கண்ணில் பட்டது, பந்தயக் குதிரையின் பச்சைப் புல் மட்டும் கண்ணில் படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று யாரும் ஏமாற வேண்டாம். தமிழ்நாட்டில் 1959ஆம் வருஷத்திலிருந்தே பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகளைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. பூங்காவை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்கிறது. சர்க்காரே அனுமதி கொடுத்தால் திருப்பலாம் என்ற கொல்லைக் கதவும் அதிலே இருக்கிறது. அந்த வழியாகத்தான் எல்லாம் போயிற்று. ஆனால் கோர்ட்டு ஏறியவர்கள் ஜெயித்ததும் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்ததை 1991இல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள். லக்னோவில் இன்னும் பெரிய அக்கிரமம். சுதந்திரப் போராட்ட காலத்தில் கொடியேற்றிய ஜண்டேவாலா பூங்காவின் வயிற்றைக் கிழித்து, பூமிக்கடியில் கடைத்தெரு கட்ட டெண்டர்கூட இல்லாமல் ஒரு கம்பெனிக்கு நகரசபை கொடுத்தது. 1999இல் சுப்ரீம் கோர்ட் அதை இடித்துத் தள்ளிப் பூங்காவைத் திரும்ப உண்டாக்க உத்தரவிட்டது. கட்டிய பிறகு இடித்தார்கள் தோழர்களே! கட்டியாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று கையை விரிப்பவர்களுக்கு லக்னோ பதில் சொல்லும்.

மரத்துக்காவது இப்படி வழக்கு உண்டு. மரத்தை வளர்த்தவனுக்கு?

காஸியாபாத் நகரசபையின் தோட்டத் துறையில் 1998, 1999 முதல் மாலிகளாக வேலை செய்தவர்களின் கதையைக் கேளுங்கள். நியமன உத்தரவு கிடையாது. குறைந்தபட்சக் கூலி கிடையாது. வார விடுமுறை கிடையாது. 2004இல் எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டார்கள். 2005 ஜூலையில் வாய் வார்த்தையாகவே வெளியே தள்ளினார்கள். நகரசபை சொன்ன பதில் என்ன தெரியுமா? அவர்கள் எங்கள் ஆட்களே அல்ல, கண்ட்ராக்டரின் ஆட்கள்! அந்தக் கண்ட்ராக்டருக்குக் காட்ட ஒழுங்கான கணக்கு இல்லை. இருபது வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். 2025 ஜனவரி 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: நாலு வாரத்தில் வேலைக்குத் திரும்ப எடு, பழைய சம்பளத்தில் பாதியைக் கொடு, ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கும் காரியத்தை முடி. வருஷம் முழுவதும் நடக்கிற அவசியமான வேலைக்குத் தற்காலிகம் என்ற சீட்டை ஒட்டி ஏய்க்க முடியாது என்று கோர்ட் கண்டித்தது.

சென்னைப் பூங்காக்களிலும் பராமரிப்பு கண்ட்ராக்டில் போய்க்கொண்டிருக்கிறது. கண்ட்ராக்டர் மாறினால் மேஸ்திரி மாறுவார். மேஸ்திரி மாறினால் பத்து வருஷம் வேலை செய்தவரும் புது ஆள் ஆகிவிடுவார். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தர அந்தஸ்து என்று 1981ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. இது பூங்காவுக்குப் பொருந்தாது என்று வாதாடக் கறுப்பு அங்கிகள் வரிசையில் நிற்கும். நாள் கணக்கே எழுதாமல் விட்டால் வாதாடவும் தேவையில்லை! வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறதா என்று ஒவ்வொரு பூங்காத் தொழிலாளியும் இன்றைக்கே பார்த்துக்கொள்ள வேண்டும். அடையாளச் சீட்டையும் கூலி வந்த வங்கிப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். காஸியாபாத் மாலிகளுக்கு நியமன உத்தரவே இல்லை. வேலை செய்ததைத்தான் காட்டினார்கள்.

2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ரிப்பன் கட்டிடத்தின் எதிரே துப்புரவுத் தொழிலாளிகள் உட்கார்ந்தார்களே, அது எந்த மண்? அந்த ஜனங்களின் பூங்கா இருந்த மண்தான். ராயபுரம் மண்டலத்தையும் திரு.வி.க. நகர் மண்டலத்தையும் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று வெயிலிலும் மழையிலும் பெண்கள் அங்கே கிடந்தார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று வழக்கு. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. 116 ஏக்கரைக் காலி செய்துவிட்டு, கடைசியில் உட்கார நடைபாதை மட்டும் விட்டு வைத்து, அதையும் மறிக்காதே என்கிறார்கள். திரு.வி.க.வின் பெயர் மண்டலத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது, மண்டலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இல்லை.

அந்தப் பெண்களின் நிலைமையும் பூங்காத் தொழிலாளியின் நிலைமையும் ஒன்றே. இவர்கள் இருவரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டியவர்கள். இன்றைக்கு அப்படி இல்லை. பூங்காவில் வேலை செய்கிறவர் நாலு பேர், ஐந்து பேராகச் சிதறிக் கிடக்கிறார். கேட்டுக்கு உள்ளே ஒருவர் அழுதால் அடுத்த பூங்காவுக்குக் கேட்காது. ஆலையிலே ஆயிரம் பேர் ஒரே சங்கொலிக்கு வந்து ஒரே கேட்டில் வெளியேறியதால் சங்கம் கட்டுவது சுலபமாயிற்று. இங்கே வார்டு வார்டாகப் போய்த்தான் சேர்க்க வேண்டும். ஆலைத் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்கு மாளிகைகள் எழும்பியிருக்கின்றன. ஆலை நிலம் மனை வியாபாரமாக மாறும்போது நடப்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். பூங்கா நிலத்தைப் பற்றிப் பேச அவர்களைவிடத் தகுதியுள்ளவர் யார்?

கேட்க வேண்டியவை புதுமையானவை அல்ல. எந்தப் பூங்காவில் கை வைப்பதானாலும் திட்டத்தைத் தமிழில் எழுதிப் பூங்கா வாசலில் ஒட்டட்டும். வரைபடம் போடும் முன் கூட்டம் கூட்டட்டும். அந்தக் கூட்டத்தில் அங்கே வேலை செய்கிறவர் எழுந்து பேசட்டும். அவர் பேசினால் வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை அந்தக் கூட்டம் வெறும் கண்துடைப்பு; ஆகவே நிரந்தர வேலை என்ற கோரிக்கை முதலிலே வர வேண்டும். இடத்தைத் தற்காலிகமாக எடுப்பதானால் திருப்பித் தரும் தேதியும், தவறினால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்பதும் எழுத்தில் வேண்டும். வேலை அடைபட்ட நாட்களுக்குத் தோட்டக்காரருக்குச் சம்பளம், அல்லது பக்கத்துப் பூங்காவில் அதே சர்வீஸோடு வேலை.

கிண்டியிலே பெரிய பூங்கா வரும் என்கிறார்கள். வரட்டும். அங்கே நூற்றுக்கணக்கில் ஆட்கள் மண் கொத்தியாக வேண்டும், நாற்றங்கால் போட்டாக வேண்டும், மூன்று கோடை தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அவர்கள் பெயர் தோட்டக்கலைத் துறையின் சம்பளப் பட்டியலில் ஏறுமா, கண்ட்ராக்டரின் சட்டைப்பையிலுள்ள துண்டுக் காகிதத்தில் ஏறுமா? முதல் குழி தோண்டுவதற்கு முன் சர்க்கார் இதற்குப் பதில் சொல்லட்டும்.